தியான வகுப்பு வைத்தும் குழு களைத்தே கிடக்கிறது, வேறென்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்துகிறீர்கள். இருந்தவர்களிலேயே நன்றாக வேலை செய்தவர் 'இனி என்னால் முடியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் இருவர் அதே பாதையில் போவதாகத் தெரிகிறது. நிறுவனம் தியான வகுப்பு வைத்தது, ஒருநாள் சுற்றுலாவும் அழைத்துப்போனது. ஒரு வாரம் முகம் தெளிந்திருந்தது, பிறகு பழையபடி. சம்பளத்தைக் கூட்டவோ ஆள் எடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. 'இவர்களை எப்படி உற்சாகப்படுத்துவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுதும் படித்தால் உள்ளே இருப்பது வேறு கேள்வி: இவர்களைத் தின்றுகொண்டிருப்பது எது, அதில் எவ்வளவு உங்கள் கைக்குள் இருக்கிறது? அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். உற்சாகத்துக்குப் பின்னால் வருகிறேன், அதை முன்னால் வைத்தால் வேலைக்காகாது.

பர்ன்அவுட், அதாவது வேலையால் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவது, வெறும் களைப்பு அல்ல. இந்தச் சொல்லை 1974-ல் ஆய்வு உலகத்துக்குள் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தொண்டு செய்தவர்களிடம் பார்த்ததை எழுதினார். கவனியுங்கள், வேலையில் ஒட்டாதவர்களைப் பற்றி அல்ல, விரும்பி வந்து தன்னைக் கொட்டிக் கொடுத்தவர்களைப் பற்றி. 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் உருவாக்கினார்கள். அதன்படி இதற்கு மூன்று கூறுகள்: உள்ளுக்குள் வற்றிப்போவது, வேலையின் மீதும் அதில் சந்திக்கும் மனிதர்கள் மீதும் 'எனக்கென்ன' என்ற கசப்பு வருவது, தான் செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலும் ஏறத்தாழ இதே மூன்றுதான். அங்கேயும் இது நோய் என்று சொல்லப்படவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் இருக்கிறது. வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பும் உண்டு.

நடைமுறையில் பிரித்துப் பார்ப்பது இப்படி. இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்துத் திரும்பினால் தீர்வது களைப்பு. ஓய்வெடுத்த பிறகும் திங்கட்கிழமை மதியத்துக்குள் அதே கனம் வந்து உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும். மேலாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இரண்டாவது கூறை. மீட்டிங்கில் மறுத்துப் பேசி, குறை கண்டுபிடித்து, மாற்று வழி சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'சரி' என்கிறார். 'பரவாயில்லை, பக்குவப்பட்டுவிட்டார்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர் மனத்தை வேலையிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார், மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள. சண்டை போடுகிறவரைவிடச் சண்டையை நிறுத்திவிட்டவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தத் துறையில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஊழியர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு பர்ன்அவுட்' என்று வரும் செய்திகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர்களிடம் நடந்த 182 ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, விகிதம் பூஜ்யத்திலிருந்து 80 சதவீதம் வரை போனது. பர்ன்அவுட்டுக்கு ஆய்வாளர்கள் வைத்திருந்த வரையறைகள் மட்டும் 142-க்குக் குறையவில்லை. எங்கே கோடு போடுவது என்பதில் உடன்பாடு கிடையாது. மனச்சோர்வு நோய்க்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை என்பதும் இன்னும் முடியாத வழக்கு. ஆகவே உங்கள் ஆட்களில் யாருக்கு 'இருக்கிறது' என்று முடிவு கட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருப்பது, வேலைக்கு வெளியே பிடித்த விஷயங்களிலும் நாட்டம் போய்விடுவது, 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற மாதிரிப் பேச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், போக நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். கடைசியாகச் சொன்ன பேச்சு காதில் விழுந்தால் அன்றே. நான் கீழே எழுதுவது எதுவும் அதற்கு மாற்று அல்ல.

தியான வகுப்பு ஏன் பலிக்கவில்லை? வகுப்பின் மீது குற்றம் இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தனிநபரைக் குறிவைக்கும் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இல்லை. தொண்டுப் பணிக்கு வாய்ப்புக் கொடுத்தது மட்டும் சற்று விதிவிலக்கு. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் 'வகுப்பால் பயனே இல்லை' என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மருத்துவர்களிடம் நடந்த சோதனைகளை 2017-ல் தொகுத்தபோதும், தனிநபரை மாற்ற முயன்றவற்றைவிட வேலையின் அமைப்பை மாற்றியவைக்கே பலன் கூடுதலாக இருந்தது. அதுவும் மலையளவு இல்லை, மிதமாகத்தான். நீண்ட விடுமுறையின் பலனும் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். நாம் கொள்ளியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பானைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறோம்.

கொள்ளி எது? மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும் 1990-களின் பிற்பகுதியில் ஆறு இடங்களைச் சுட்டினார்கள்: வேலைப்பளு, தன் வேலையின் மீது தனக்குள்ள பிடி, கிடைக்கும் பலனும் அங்கீகாரமும், உடன் இருப்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், தான் மதிப்பதும் வேலை கேட்பதும் ஒத்துப்போவது. இந்த ஆறில் எந்த இடத்தில் ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் கெட்டிருக்கிறதோ, அங்கே எரிகிறது. எல்லாரும் முதல் இடத்தையே பார்க்கிறார்கள். ஆனால் அளவான வேலையிலேயே, நியாயமில்லாமல் நடத்தப்பட்டதால் கருகிப்போனவர்கள் உண்டு. உங்கள் குழுவின் அந்த இருவருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, தனித்தனியாக உட்கார்ந்து பேசுவது. ஆளுக்கு அரை மணி நேரம், கதவு மூடிய அறையில் அல்லது வெளியே நடந்தபடி. 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல யாரும் பழகவில்லை. ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். போன இரண்டு வாரத்தில் உங்கள் நேரத்தை வீணடித்தது எது? எந்த வேலையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைகிறது? எதை நீங்கள் முடிவெடுத்திருக்கலாம், ஆனால் யாருக்காகவோ காத்திருக்க வேண்டியதாயிற்று? எந்த வேலை நடந்தபோது நேரம் போனதே தெரியவில்லை? நான்கு போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அத்தோடு அவர் நிறுத்திவிடுவார். இந்தப் பேச்சைப் பாழாக்கும் இன்னொன்று, கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பது. அது கேட்காமலே இருந்ததைவிட மோசம். அவர் சொன்னதில் சின்னதாக ஒன்றையாவது பத்து நாளுக்குள் சரிசெய்து, 'நீங்கள் சொன்னதால் இது மாறியது' என்று அவரிடம் சொல்லுங்கள். முடியாததை 'முடியாது, காரணம் இது' என்று சொல்லுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. இதை நீங்களே போட வேண்டும். 'ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்' என்று அவர்கள் தலையில் கட்டினால் அதுவே இன்னொரு சுமையாகி, வேவு பார்ப்பதாகவும் தோன்றும். அந்த இருவரின் இரண்டு வார காலண்டர், மெயில், செய்திக் குழு இவற்றைப் பார்த்து ஒரு வாரத்தின் 40 மணி நேரத்தைப் பிரியுங்கள். மீட்டிங் ஒன்பது மணி, பதில் எழுதுவது ஆறு மணி, திடீரென்று வந்த சிக்கல் ஐந்து மணி என்றால் மிச்சம் இருபது. திட்டப்படி அவர் பெயரில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று பாருங்கள். முப்பதோ முப்பத்தைந்தோ இருந்தால், அந்தப் பத்துப் பதினைந்து மணி நேரமும் அவருடைய இரவிலிருந்து வருகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கணிதம் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் வந்து சேரும் வேலைகளை ஒரே ஆள் வரிசையாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் ஒரு வேலை, அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல் சராசரியாக நான்கு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. அலுவலகம் இவ்வளவு எளிய மாதிரிக்குள் அடங்காது, எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் போகிற திசை இதுதான். முழுதாக நிரப்பப்பட்ட ஆள் அதிகம் முடிப்பதில்லை. எல்லாவற்றையும் தாமதமாக முடிக்கிறார், ஒவ்வொரு தாமதத்துக்கும் 'எப்போது வரும்?' என்று ஒரு மெயில் வருகிறது, அதற்குப் பதில் எழுதுவதும் வேலையாகிறது. எனவே எழுபத்தைந்து, எண்பது சதவீதத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒருவர் கையில் ஒரே சமயத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பெரிய வேலைகள். நான்காவது வரும்போது 'இதையும் பாருங்கள்' என்று சொல்லாமல், 'இதை எடுத்தால் எதை நிறுத்துகிறோம்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் அல்ல.

உங்களை விட்டுப் போனவர் விஷயத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பாரம் இழுக்கிற மாட்டின் மேல்தான் அடுத்த மூட்டையும் ஏறும். திறமைசாலியின் உண்மையான வேலைப்பளு பட்டியலில் இருக்காது. புதியவர்களின் சந்தேகம் தீர்ப்பது, அடுத்தவர் வேலையைச் சரிபார்ப்பது, கடைசி நேரத்தில் எதையாவது காப்பாற்றுவது எல்லாம் அவரிடம் 'ஒரு அஞ்சு நிமிஷம்' என்று வரும். அவர் போன பிறகு இவை யாரிடம் வந்து சேர்ந்தன என்று தேடினால், அந்த இருவரின் பெயர்தான் வரும் என்பது என் ஊகம். இதைச் சுற்று முறைக்குக் கொண்டுவாருங்கள்: இந்த வாரம் சந்தேகங்களும் திடீர்ச் சிக்கல்களும் ஒருவருக்கு, அடுத்த வாரம் இன்னொருவருக்கு, அந்த வாரம் அவருடைய திட்ட வேலை பாதியாகக் குறையும். குறைக்காமல் சுற்று மட்டும் வைத்தால் பயனில்லை. வாரத்தில் மூன்று காலைப்பொழுதுகளை மீட்டிங்கும் அழைப்பும் இல்லாத நேரமாக வைப்பதும் உதவும். இது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் உடையும், உடைப்பவர் பெரும்பாலும் மேலாளர்தான். 'இது மட்டும் அவசரம்' என்று நீங்கள் ஒருமுறை நுழைந்தால் எல்லாருக்கும் வழி திறந்துவிடும்.

மாலை நேரத்தைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து கணித்தன. மணிக்கணக்கு மட்டும் பிரச்சினை இல்லை. வேலை நேரம் முடிந்த பிறகு மனம் வேலையிலிருந்து விலகுகிறதா என்பதே மறுநாள் சக்தியைத் தீர்மானிக்கிறது. உளவியலாளர் சபீன் சொனென்டாக் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். முடியாத வேலை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் அதை எப்போது, எங்கிருந்து தொடர்வது என்று குறித்து வைத்தால் சுற்றல் தணியும் என்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்: பாதியில் நிற்பது எது, நாளை முதல் அடி எது, இரண்டு வரி. நீங்கள் இரவு பதினொரு மணிக்கு மெயில் எழுதுகிறவராக இருந்தால் எழுதுங்கள், ஆனால் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். 'இப்போதே பதில் வேண்டாம்' என்று அடியில் எழுதுவது போதாது. படித்தாகிவிட்டதே, இனி எங்கே தூங்குவது? இரவில் யாராவது கிடைத்தே ஆக வேண்டிய வேலை என்றால் முறை வைத்து ஒருவர் மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாரும் அன்று போனைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி உற்சாகம். பளு குறைந்தால் தானாக ஈடுபாடு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2001-ல் எவன்ஜெலியா டெமெரூட்டியும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த மாதிரி சொல்வது இதுதான்: வேலை கேட்கும் கோரிக்கைகள் அதிகமானால் வற்றல் வருகிறது, அதைச் செய்ய உதவும் வளங்கள், அதாவது உரிமை, உதவி, பின்னூட்டம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, இல்லாமல் போனால் ஒட்டுதல் விட்டுப்போகிறது. இரண்டு குழாய்கள், ஒன்றைத் திறந்தால் இன்னொன்றில் தண்ணீர் வராது. வளம் என்றதும் பரிசும் பாராட்டு விழாவும்தான் நினைவுக்கு வரும், அவை அல்ல. தெரேசா அமபிலும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். நல்ல நாள் என்று மனிதர்கள் உணர்ந்த நாட்களில் அதிகம் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஓர் அடியாவது முன்னேறியது. ஆகவே ஒரு மேலாளர் செய்யக்கூடிய பெரிய ஊக்கம், தடையை அகற்றுவது: வராத ஒப்புதலை வாங்கித் தருவது, பழுதான கருவியை மாற்றுவது, முரண்பட்டு நிற்கும் இரண்டு உத்தரவுகளில் ஒன்றை ரத்து செய்வது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009-ல் மருத்துவர்களைப் பற்றிச் சொன்னது வேறு துறைகளுக்கும் ஒரு நல்ல அளவுகோல்: தனக்கு மிக அர்த்தமுள்ளதாகத் தோன்றும் வேலையில் நேரத்தின் 20 சதவீதமாவது செலவிட்டவர்களிடம் பர்ன்அவுட், அப்படிச் செலவிடாதவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். வாரத்தில் ஒரு நாள், அவ்வளவுதான். மருத்துவர்களின் எண் எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது, முயன்று பார்க்கச் செலவு குறைவு என்பதால் சொல்கிறேன். நான்காவது கேள்விக்கு, 'நேரம் போனதே தெரியாத' வேலைக்கு, அவர் சொன்ன பதில் இப்போது உதவும். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: களைத்திருக்கிறார் என்று இரக்கப்பட்டுப் பிடித்த வேலையை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அறிக்கை எழுதும் வேலையை அவரிடமே விட்டுவிடுவது. தலைகீழாகச் செய்யுங்கள்.

அங்கீகாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பிரமாதம்' என்று பொதுவாகச் சொல்வது காற்றில் போகும். 'வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அந்தப் பிழையைக் கண்டுபிடித்தீர்கள், ஒரு வார வேலை மிச்சம்' என்பது நிற்கும். நியாயம் அதைவிட முக்கியம். யாருக்கு எந்த வேலை, ஏன் என்பதை எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். பிடிக்காத முடிவையும் காரணம் தெரிந்தால் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே கருகத் தொடங்கிவிட்ட அந்த இருவருக்கு இது மட்டும் போதாது. விடுப்புக் கேட்டால் கொடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு, அதுவும் உங்களுக்குத்தான்: அவர் இல்லாத நாட்களில் வரும் வேலை வேறொருவர் பெயருக்குப் போக வேண்டும் அல்லது நிறுத்தப்பட வேண்டும். திரும்பி வரும் நாளில் குவியல் காத்திருக்கும் என்று தெரிந்தால் விடுப்பின் கடைசி மூன்று நாள் விடுப்பே அல்ல. வந்த முதல் வாரம் பாதிப் பளு, இரண்டாம் வாரம் முக்கால். இருவருக்கும் ஆறு வாரமாவது குறைத்த பளுவை எழுத்தில் வையுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் முதல் டெட்லைனிலேயே பறந்துவிடும். இந்தச் சமயத்தில் பதவி உயர்வை ஆறுதலாகக் கொடுக்காதீர்கள். அந்த மூட்டையும் அதே முதுகில்தான் ஏறும்.

மேலே பேசுவது எப்படி? 'என் ஆட்கள் களைத்திருக்கிறார்கள்' என்று போனால் இன்னொரு தியான வகுப்பு கிடைக்கும். முன்பு போட்ட கணக்கைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் போதும்: இருக்கும் மணி நேரம் இவ்வளவு, ஒப்புக்கொண்ட வேலை இவ்வளவு, இடைவெளி இவ்வளவு. அடியில் மூன்று தேர்வுகள்: இந்த இரண்டு வேலைகளைத் தள்ளிவைக்கலாம், இதன் தரத்தைக் குறைக்கலாம், அல்லது ஆள் வேண்டும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எது எப்போது தாமதமாகும் என்பதையும் எழுதுங்கள். ஆள் கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கும் வேலையைத் தள்ளிவைக்க அனுமதி கிடைப்பது உண்டு, ஏனென்றால் அதற்குப் பணம் தேவையில்லை. மூன்றுமே மறுக்கப்பட்டால், குழுத் தலைவராக உங்களால் செய்யக்கூடியதன் எல்லை அங்கே வந்துவிடுகிறது. மேலே மட்டுமே சரிசெய்யக்கூடிய ஒன்றை உங்கள் இரவுகளைக் கொடுத்து ஈடுகட்டப் பார்த்தால், அடுத்து எழுதிக் கொடுப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

மாற்றம் வருகிறதா என்று பார்க்கக் கருத்துக்கணிப்பு வேண்டாம். ஒன்பது பேரில், அதுவும் இப்போது எட்டுப் பேரில், பெயரில்லாத பதில் என்று ஒன்று கிடையாது. எழுதும் நடையை வைத்தே ஆள் தெரிந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வேறு அடையாளங்களைப் பாருங்கள்: இரவு மெயில் குறைந்திருக்கிறதா, கையில் எடுத்த வேலை முடிய ஆகும் நாட்கள் குறைந்திருக்கிறதா, எடுக்காத விடுப்பு எடுக்கப்படுகிறதா, அந்த இருவரில் யாராவது மீட்டிங்கில் உங்களை மறுத்துப் பேசினாரா. மாதங்கள் ஆகும், நடுவில் ஒரு மோசமான வாரம் வரும், அதை வைத்து எல்லாம் வீண் என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வாரமே தொடங்குவதானால் இரண்டே வேலை: அந்த இருவரோடும் அரை மணி நேரம், ஆளுக்கு ஒரு வேலையை அவர்கள் பட்டியலிலிருந்து நீக்குவது. அந்தப் பேச்சில் என்ன வந்தது என்று இங்கே எழுதினால், ஆறில் எந்த இடம் என்று சேர்ந்து பார்க்கலாம்; பெயரும் நிறுவனமும் மட்டும் வேண்டாம்.